சளி டப்பா

விசில் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் கழுத்தில் தொங்குகிற விசில் மட்டும் காரணமில்லை. அவள் சாதாரணமாகப் பேசினாலே விசில் அடித்த மாதிரிதான் இருக்கும். வீடில்லாத பெண்கள் தங்குகிற அந்தக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டு வரிசை இரும்புக் கட்டில், ஒரு சமையல் மூலை, மாடியில் ஒரு சாமான் அறை, வாசலை ஒட்டி அவளுடைய ஆபீஸ் அறை. இவ்வளவையும் கட்டி ஆள்வதற்கு அவளிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு பேச்சு: "கட்டில் போயிடும்." சண்டை போட்டாயா, கட்டில் போயிடும். குடித்துவிட்டு வந்தாயா, கட்டில் போயிடும். வெளியே மழைக்காலம். கட்டில் போனால் ஏதாவது கடை வாசலில் ஈரச் சாக்கை விரித்துச் சுருண்டுகொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த ஒரு பேச்சுக்கு மொத்தக் கூடமும் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது.

அவள் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தரையை நாளெல்லாம் பினாயில் போட்டுத் தேய்ப்பாள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தி வைப்பாள். ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிற சின்னவளுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அந்தக் குட்டிப்பயலைக் கண்டால் மட்டும் விசில் அக்காவின் குரல் பஞ்சாகிவிடும். "என்னடா ராசா, என்னடா பெரிய மனுசா" என்று அவனிடம் கொஞ்சுவதை ஒளிந்திருந்து கேட்டுவிட்டு மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கூடத்துக்கு ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா நனைந்த குடையோடு வந்து, தலையில் இடியை இறக்கினாள். போன மாதம் இங்கே தங்கிவிட்டுப் போன ஒருத்தி ஆஸ்பத்திரியில் காசநோயோடு படுத்திருக்கிறாளாம்.

"அவளுக்கு இங்கேருந்து வந்துச்சா, அவ கொண்டுவந்து இங்க விட்டாளான்னு தெரியல. எப்படியிருந்தாலும் எல்லாரையும் சோதிக்கணும்" என்றாள் நர்ஸம்மா. "இது காத்துல பரவுற வியாதி. நீங்க தரையத் தேய்ச்சுப் பிரயோசனம் இல்ல. மொதல்ல ஜன்னலைத் தொறங்க. ஒருத்தர் தலைமாட்டுல இன்னொருத்தர் கால் வர்ற மாதிரி மாத்திப் படுக்கச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் எல்லாரும் சளி குடுக்கணும். எச்சில் வேண்டாம், நெஞ்சுலேருந்து வர்ற சளி வேணும்."

பிறகு சின்னவளின் மடியில் கிடந்த குட்டிப்பயலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"பெரியவங்களுக்கு வந்தா மாத்திரை இருக்கு, ஒழுங்கா முழுங்கினா சரியாயிடும். இத்துனூண்டு குழந்தைக்குத் தொத்திக்கிட்டா மூளைக்கே ஏறலாம். அதுக்கு முன்னால ஆளைக் கண்டுபிடிச்சாகணும்."

நர்ஸம்மா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை தாண்டுவதற்குள் விசில் அக்கா கூடத்தின் நடுவில் நின்று விசிலை ஊதினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. நாளைக்குக் காலையில வாய் கொப்புளிச்சிட்டு, ஆழமா இருமி, சளி எடுத்துக் குடுக்கணும். வெறும் எச்சிலைத் துப்பி என்னை ஏமாத்தலாம்னு பாத்தீங்க, கட்டில் போயிடும்!"

கடைசி வார்த்தையை நர்ஸம்மா சொல்லச் சொல்லவில்லை. அது அவளுடைய சொந்தச் சரக்கு.

காலையில் பின்கட்டுக் குழாயடியில் ஒரே இருமல் கச்சேரி. ஒவ்வொருத்தியாக டப்பாவைக் கொண்டுவந்து நீட்ட, விசில் அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன, குழாய்த் தண்ணியா? போ, திரும்பப் போய் எடுத்துட்டு வா." கூடத்திலேயே வாய் நீளம் என்று பெயர் வாங்கிய வாய்க்காரியைத் திருப்பி அனுப்பினாள். பலூன் விற்கிற பலூன்காரியை அனுப்பினாள். ஒரே கட்டிலில் ஒட்டிக்கொண்டு படுக்கிற அக்கா தங்கை இருவரையும் அனுப்பினாள். சின்னவளை அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக, "உன் பிள்ளைக்காகத்தானேடி சொல்றேன்" என்றாள். அரைமணி கழித்து அந்த ஐந்து பேரும் கெட்டியான சளியோடு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடிக்கிற கை அடித்தால்தான் வேலை நடக்கும் என்று விசில் அக்கா தன்னையே மெச்சிக்கொண்டாள்.

எல்லாருக்கும் கடைசியாகச் சித்தி வந்தாள். யாருக்குச் சித்தி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; கூடத்துக்கே சித்தி. பஞ்சு மில்லில் இளமையை எல்லாம் விட்டவள். அம்மாக்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குட்டிப்பயல் பகலெல்லாம் அவள் மடியில்தான் கிடப்பான். "ஏன் சித்தி இப்படி இருமுறீங்க?" என்று யாராவது கேட்டால், "மில் தூசிடி. என் நெஞ்சைக் கிழிச்சா ஒரு தலகாணிக்குப் பஞ்சு தேறும்" என்று சிரிப்பாள். அவள் டப்பாவில் வெறும் நுரைதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் திரும்ப ஓடியிருக்க வேண்டும். சித்தியாயிற்றே என்று விசில் அக்கா விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது நர்ஸம்மாவிடமிருந்து போன் வந்தது. ஐந்து பேருக்கு வியாதி இருக்கிறது. வாய்க்காரி, பலூன்காரி, அக்கா, தங்கை, சின்னவள்.

"சின்னவளா?" என்றாள் விசில் அக்கா. "நல்லாப் பாத்தீங்களா? அவ கைக்குழந்தைக்காரி."

"எல்லாத்தையும் நல்லாத்தான் பாத்திருக்கு. சாயந்திரம் வண்டியோட வரேன். அதுவரைக்கும் முகமூடி போட்டு, காத்தோட்டமா ஒரு எடத்துல தனியா உக்கார வைங்க. 'எனக்கு இல்ல, எனக்கு இல்ல'ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பயத்துல வர்ற பேச்சு அது. சத்தம் போடாதீங்க."

அந்தப் போனை வைப்பதற்குள் கட்டடத்தை நடத்துகிற சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டார். அவர் காதுக்கு எப்படிப் போனதோ. "இருட்டுறதுக்குள்ள வியாதிக்காரங்க ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது. இருந்தா கூடத்தைப் பூட்டிடுவேன், சொல்லிட்டேன்." பூட்டினால் மீதிப் பேர் அத்தனை பேரும் இந்த மழையில் எங்கே போவார்கள் என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மழையால் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த ஐந்து பேரையும் விசில் அக்கா எழுப்பி மாடிச் சாமான் அறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். விஷயத்தைச் சொன்னதும் வாய்க்காரி குதித்தாள்.

"அது என்னோடது இல்லக்கா!"

"பின்ன யாரோடது? பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கைமாத்து வாங்கினியா?"

வாய்க்காரிக்கு ஜென்மத்தில் முதல்முறையாக வாய் அடைத்துப்போயிற்று. "சத்தியமா எங்களோடதும் இல்லக்கா" என்று தங்கை அழ ஆரம்பித்தாள். அக்காக்காரி அவள் கையைப் பிடித்துக் கிள்ளினாள். பலூன்காரி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நர்ஸம்மா அப்போதே சொன்னாளே, எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று. விசில் அக்கா ஒரு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கண் முழுக்கச் சின்னவளின் இடுப்பில் இருந்த குட்டிப்பயல் மேலேயே இருந்தது. அவன் அம்மாவின் முகமூடியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"குட்டியக் குடு."

"பால் குடிக்கிற பிள்ளைக்கா!"

"அதுக்குத்தான் சொல்றேன். மூச்சு படக்கூடாது. குடுடீ."

சின்னவள் கொடுக்கவில்லை. விசில் அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிள்ளையை எடுத்தாள். அப்போது அவளுக்கும் அழுகை முட்டியது. அழுதால் காரியம் கெடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டக்கா விடுவீங்க?"

"சித்திகிட்டதான். அவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு."

சின்னவளின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. "வேண்டாம்க்கா! சித்திகிட்ட வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க. உங்க கால்ல விழறேன், நீங்களே வச்சுக்குங்க!"

"ஏன், சித்திக்கு என்ன?"

சின்னவள் வாயைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லக்கா. ஆனா வேண்டாம்."

விசில் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டார்கள் இந்தப் பிள்ளையை? பெற்றவள் சோற்றுக்கு ஓடும்போது யார் தூளி ஆட்டினார்கள்? நன்றி கெட்ட ஜென்மம். "மூச்சு விடாம உக்காருங்க எல்லாரும்" என்று கத்திவிட்டு வெளியே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். படி இறங்க இறங்க, உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் முதுகில் விழுந்துகொண்டே வந்தது.

ஆபீஸ் அறையில் சித்தியை உட்காரவைத்து, குட்டிப்பயலை அவள் மடியில் போட்டாள். சாரல் உள்ளே அடித்தது. பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். இனிப் பயமில்லை என்று நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

சித்தி பிள்ளையை வழக்கம்போல மார்போடு அணைக்கவில்லை. முழங்கால் நுனியில் உட்காரவைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அந்த அஞ்சு பேரு?"

விசில் அக்கா சொன்னாள். ஒவ்வொரு ஆளாகச் சொல்லச் சொல்லச் சித்தி தலையாட்டினாள், முன்பே தெரிந்தவள் மாதிரி.

"எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சித்தி. நீங்க சுத்தம்."

"சுத்தமா?" என்றாள் சித்தி. "அது எப்படி?"

நோய் இல்லை என்று சொன்னால் யாராவது இப்படிக் கேட்பார்களா? விசில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சித்தியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் திரண்டது. மாடியில் கதவைத் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. குட்டிப்பயல் சித்தி விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டி அவள் வாயைத் தொடப் போனான். சித்தி அவனை அப்படியே அந்தரத்தில் தூக்கி, மேஜைக்கு இந்தப் பக்கம் நீட்டினாள். பேச முடியவில்லை. பிடி, பிடி என்று கண்ணால் கெஞ்சினாள். விசில் அக்கா எழுந்து வாங்கிய மறுகணம் சித்தி கதவை இடித்துத் திறந்துகொண்டு பின்கட்டு மழைக்குள் ஓடினாள்.

குழாயடியில் குனிந்து அவள் இருமிய இருமலை விசில் அக்கா அதுவரை கேட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. விசில் அக்கா பிள்ளையோடு பின்கட்டு வாசல்வரை ஓடினாள்.

"கிட்ட வராதே! பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்காதே!"

அந்தக் கூடத்தில் விசில் அக்காவை யாரும் அதட்டியதில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சிமெண்டுத் தரையில் விழுந்ததை மழை கரைத்துக்கொண்டு போனது. ரோஸ் நிறமாக ஓடியது.

"அஞ்சும் நான்தாம்மா" என்றாள் சித்தி.

"என்ன சித்தி சொல்றீங்க?"

"அஞ்சு டப்பாவும் என்னோடது. நீ திருப்பித் திருப்பி விரட்டினே. அதுங்க நெஞ்சுல என்ன இருக்கு வர்றதுக்கு? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? கட்டில் போயிடும் சித்தி, கட்டில் போயிடும் சித்தின்னு குழாயடியில நின்னு அழுதுச்சுங்க. எங்கிட்டதான் மண்டிக் கெடந்துச்சு. இந்தாங்கடி, இதுக்கென்ன பஞ்சம்னு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேன். எனக்குன்னு வர்றப்போ ஒண்ணுமே வரல. மிச்சம் எச்சில்தான்." மூச்சு வாங்கினாள். "வாயத் தொறந்தா எல்லார் கட்டிலும் போயிடும்னு, சின்னவகிட்ட அவ பிள்ளை மேல சத்தியம் வாங்கிட்டேன். பாவி நான். மில் தூசின்னுதாம்மா நெனச்சேன். அஞ்சு பேருக்கு வியாதின்னு காதுல விழுந்தப்பதான் உறைச்சுது, நீ ஆளைச் சொல்லச் சொல்ல உறுதியாச்சு."

"ரத்தம் எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா?" என்றாள் சித்தி.

சொல்லியிருந்தால் தன் வாயிலிருந்து என்ன பதில் வந்திருக்கும் என்று விசில் அக்காவுக்கே தெரியும். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பகலெல்லாம் இவன் சித்தியின் மடியில். அவள் மூச்சுக்கு நேரே. ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்தது யார்? பயிரைக் காக்கிறேன் என்று வேலியே மேய்ந்த கதையாகப் போயிற்றே!

மாடிப்படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று தெரியாது. தாழ்ப்பாளைத் திறந்து, பிள்ளையைச் சின்னவளின் கையில் போட்டாள். சின்னவள் பிள்ளையை வாங்கிய வேகத்தில் மறுகையால் விசில் அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"வேண்டாம் வேண்டாம்னு கத்தினேனே! காதுல விழுந்துச்சா உங்களுக்கு?"

"அடிடி. இன்னும் ரெண்டு அடி" என்றாள் விசில் அக்கா. "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"இவன் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்க்கா. சத்தியத்தை மீறினா இவனுக்கு ஆகாது. மீறலன்னாலும் இவனுக்கு ஆகாது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க!" சின்னவள் தரையில் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். மற்ற நான்கு பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் நடுவில் போய் உட்கார விசில் அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை.

சாயந்திரம் நர்ஸம்மா வந்து முழுக்கதையையும் கேட்டாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சளியக் கடன் வாங்கி நான் இப்பதான் பாக்கறேன்" என்றாள். பிறகு பிடித்துக்கொண்டாள். "தாய்கிட்டேருந்து பிள்ளையப் பிரிக்கச் சொன்னேனா? கட்டிலைக் காட்டி மிரட்டச் சொன்னேனா? பயப்படுத்தினா வியாதி வெளிய வராதும்மா, உள்ள போய் ஒளிஞ்சுக்கும்." வாங்கிக் கட்டிக்கொள்வதைத் தவிர விசில் அக்காவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஐந்து பேருக்கும் புதிதாகச் சோதனை, பிள்ளைகள் எல்லாருக்கும் சோதனை, எல்லா ஜன்னலும் இந்த நிமிஷமே திறந்தாக வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லச் சொல்ல, அவளே போய் ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தாள். துருப்பிடித்த ஒன்றைச் சுத்தியலால் தட்டித் திறந்தாள்.

சித்தி முகமூடியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "குட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டாள். "பாக்கணும்" என்றாள் நர்ஸம்மா.

செயலாளர் மறுபடியும் கூப்பிட்டார். "பூட்டணும்னா நேர்ல வந்து பூட்டுங்க. நானும் உள்ளதான் இருப்பேன்" என்று சொல்லி விசில் அக்கா போனை அணைத்தாள். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்றாள். விசில் ஊதவில்லை. "இங்க பாருங்க. யாருக்கு இருமல் இருக்கோ, காய்ச்சல் இருக்கோ, தயவுசெஞ்சு சொல்லுங்க. யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டேன். சித்தி கட்டில்ல யாரும் படுக்கப் போறதில்ல, அது அவங்களுக்குத்தான்."

நாள் கணக்காக விரட்டியவள் நாலு வார்த்தை தேனாகப் பேசினால் நம்பிவிடுவார்களா என்ன? எல்லாரும் காற்றில் படபடக்கிற ஜன்னல் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸம்மா சின்னவளின் கட்டிலில் உட்கார்ந்து குட்டிப்பயலின் சட்டையை உயர்த்தினாள். ஸ்டெதாஸ்கோப்பின் சில்லிப்பு பட்டதும் அவன் முகத்தைச் சுளித்தான். அந்தச் சின்ன நெஞ்சில் அதை வைத்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, குட்டிப்பயல் இருமினான்.

சின்னவளின் உள்ளங்கை சட்டென்று அவன் வாயைப் பொத்தியது.

யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. பொத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்போதும் எடுக்காமல், மிரண்ட கண்ணோடு விசில் அக்காவைத்தான் பார்த்தாள். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நர்ஸம்மாவை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்.

விசில் அக்கா கட்டிலை ஒட்டித் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "கையை எடும்மா" என்றாள். "அவன் இருமட்டும். நர்ஸம்மாவுக்குக் கேக்கணும். நல்லா இருமட்டும்."

சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.